விறகு பாய்லரின் வென்ட் பைப்பை மூடிவிட்டு சேஃப்டி வால்வு வைத்தால் போதுமா?

பெருந்துறை விடுதி | ஞாயிறு, காலை 8:10

வணக்கமுங்க. பெருந்துறையில் சிப்காட் போகிற பக்கம் பெண்கள் விடுதி நடத்துகிறேன். 42 பேர் இருக்கிறார்கள், எல்லாம் கம்பெனி வேலைக்குப் போகிற பிள்ளைகள். காலை ஷிஃப்டுக்கு ஆறு மணிக்கே வண்டி வந்துவிடும். அதனால் நாலரையிலிருந்தே தண்ணி வார்த்துக்கொள்ள வரிசை நிற்கும். மார்கழி, தை இரண்டு மாதமும் சுடுதண்ணி இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது.

அதற்காக நாலு வருஷம் முன்பு ஒரு பட்டறையில் சொல்லி 500 லிட்டர் விறகு பாய்லர் செய்து வைத்தோம். பின்னால் பொடக்காலியில் தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது. இரண்டடி அகலம், ஆறடி உயரம், மேல்மூடி தட்டையான தகடு. தென்னை மட்டையும் தேங்காய்த் தொட்டியும் போட்டு எரிக்கிறோம். தண்ணீர் மொட்டைமாடியில் இருக்கும் சின்டெக்ஸிலிருந்து ஒரு இஞ்ச் பைப்பில் இறங்குகிறது. பாய்லர் தலையிலிருந்து இன்னொரு ஒரு இஞ்ச் பைப் சுவரோடு ஏறி, மாடியில் தொட்டிக்குக் கொஞ்சம் மேலே போய் வளைந்து திறந்தபடி நிற்கும். பிளம்பர் அதை ஏர் வென்ட் என்பார்.

இந்த வென்ட்டில்தான் தொல்லை. விடியற்காலையில் தீ நன்றாகப் பிடித்ததும் அதன் வாயிலிருந்து கொதிக்கிற தண்ணீர் மாடியில் கொட்டிக்கொண்டே இருக்கும். துணி காயப்போட வந்த ஒரு பிள்ளைக்குத் தோளில் பட்டுக் கொப்புளம் வந்துவிட்டது. பிளம்பரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் வென்ட் பைப்பில் ஒரு கேட் வால்வு போட்டு மூடிவிட்டார். பாய்லர் தலையில் இருந்த ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு, கீசருக்கு வைக்கிற சேஃப்டி வால்வை முறுக்கினார். "8 கிலோவுக்கு மேலே போனால் தானாகத் திறந்துக்கும், பயப்படாதீங்க" என்றார். கொட்டுவது நின்றுவிட்டது.

ஆனால் பத்து நாளாகக் காலையில் முதல் குழாயைத் திறந்தால் சீறுகிறது. சுவருக்குள் பைப் 'டங் டங்' என்று அடிக்கிறது. இன்றைக்கு நாலு மணிக்கு சமையல் அக்கா சோற்றுக்கு உலை வைக்கச் சுடுதண்ணி பிடிக்கப் போனார். திருகைத் திருப்பியதும் குக்கர் வெயிட்டைத் தூக்கிவிட்டது போல வெள்ளை ஆவி பாய்ந்து வந்தது, பின்னால்தான் தண்ணீர் வந்தது. போசியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார். நான் போய் அடுப்பிலிருந்த மட்டைகளை இழுத்துப் போட்டுவிட்டு எல்லாக் குழாயையும் திறந்துவிட்டேன். அந்த சேஃப்டி வால்வு ஒரு சொட்டுகூட விடவில்லை.

பாய்லருக்கு அந்தப்பக்கச் சுவர்தான் பிள்ளைகள் குளிக்கிற அறை. சேஃப்டி வால்வு இருந்தால் வென்ட் தேவையில்லை என்பது சரிதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கோபி தோட்டத்துக்காரன் | ஞாயிறு, காலை 8:52

அக்கா, நான் பாய்லர் கண்டவன் இல்லை. ஆனால் எங்கள் சாளையில் சோலார் ஹீட்டர் இருக்கிறது. அதிலும் இதே மாதிரி ஒரு ஏர் வென்ட் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அதில் குளவி கூடு கட்டுகிறது என்று எங்கள் வீட்டில் ஒரு மூடி போட்டுவிட்டார்கள். ஒரு நாள் கீழே தண்ணீர் தீர்ந்து டேங்க் காலியானபோது, காற்று உள்ளே போக வழியில்லாமல் சுடுதண்ணி டேங்க் சப்பிப்போட்ட மாங்கொட்டை போல உள்ளே ஒடுங்கிவிட்டது. அந்த மூடி ஐந்து ரூபாய் பெறாது. திறந்து வைக்கச் சொன்ன பைப்பை மூடக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். விவரம் தெரிந்தவர்கள் வரும்வரை பற்றவைக்காதீர்கள்.


பழைய அட்டென்டன்ட், திருப்பூர் | ஞாயிறு, காலை 10:05

அம்மிணி, முதலில் இதைச் செய்யுங்கள். இன்றைக்கு யாரும் அந்த அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். தொட்டுப் பார்த்து முழுக்க ஆறியபிறகு மாடியிலிருக்கும் அந்த கேட் வால்வைத் திறந்து, கைப்பிடியைக் கழற்றி எடுத்துவந்து உங்கள் பீரோவில் வையுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

நான் திருப்பூர் சாயப்பட்டறைகளில் 31 வருஷம் பாய்லர் பார்த்தவன். எங்களுடையது ஸ்டீம் பாய்லர், 10.54 கிலோ பிரஷர். அதில் இரண்டு சேஃப்டி வால்வு, உள்ளே தண்ணீர் மட்டம் காட்டுகிற கேஜ் கிளாஸ், தண்ணீர் குறைந்தால் உருகி நெருப்பை அணைக்கிற ஃப்யூசிபிள் பிளக், வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர் எல்லாம் உண்டு. உங்களுடையது அந்த ஜாதியே இல்லை. அது வாய் திறந்த பாய்லர். அதற்குப் பாதுகாப்பே அந்தத் திறந்த வாய்தான். சேஃப்டி வால்வு என்றால் ஸ்பிரிங் துருப்பிடிக்கும், மூடி உட்காருகிற சீட் ஒட்டிக்கொள்ளும், யாராவது நட்டை முறுக்கிவிடுவார்கள். திறந்த பைப்பில் பழுதாக ஒன்றுமே கிடையாது, அடைத்துக்கொள்வதைத் தவிர. சேஃப்டி வால்வு என்பது வென்ட்டுக்குத் துணையாக நிற்கலாம், வென்ட்டின் இடத்தில் நிற்கக் கூடாது.

அந்த 8 கிலோ வால்வைப் பற்றிச் சொல்கிறேன். கீசர் டேங்க் அந்த அழுத்தத்துக்கென்றே செய்து, சோதித்து விற்பது. உங்கள் பாய்லர் மூடி இரண்டடித் தட்டைத் தகடு. 60 சென்டிமீட்டர் வட்டம் என்றால் பரப்பு சுமார் 2,800 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 8 கிலோ தள்ளினால் மொத்தம் 22 டன்னுக்கு மேல் வரும். சரக்கு ஏற்றிய லாரி ஒன்றை அந்தத் தகடு கீழிருந்து தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். வால்வு திறக்கிற நேரம் வருவதற்கு வெகு முன்பே மூடியின் வெல்டிங் விட்டுவிடும்.

இன்னொன்று. அழுத்தம் ஏற ஏறத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 8 கிலோ அழுத்தத்தில் அது 175 டிகிரி வரை தண்ணீராகவே இருக்கும். பாய்லர் விரிசல் விட்ட அந்த நொடியில் அழுத்தம் போய்விடுகிறது, அப்போது அந்தத் தண்ணீரில் ஏழில் ஒரு பங்கு ஒரே மூச்சில் ஆவியாகும். 500 லிட்டர் பாய்லரில் சுமார் 60 கிலோ ஆவி. இடக்கணக்கில் 100 கன மீட்டர், அதாவது பத்துக்குப் பத்து அறைகள் மூன்றரை நிறையும். கொட்டகைக்குள் அதற்கு இடம் ஏது? சுவரைத் தள்ளிக்கொண்டுதான் போகும். இன்றைக்கு உங்கள் சமையல் அக்கா கண்டாரே, தண்ணீருக்கு முன்னால் ஆவி வந்ததென்று, அது இந்த விஷயத்தின் சின்ன அளவு. குழாய் வழியாக வெளியே வந்ததும் தண்ணீர் ஆவியாக மாறியிருக்கிறது. உள்ளே 100 டிகிரியைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் கம்பெனி கேன்டீனில் டீக்கு இதே மாதிரி ஒரு சின்ன அண்டா பாய்லர் இருந்தது. வென்ட்டிலிருந்து ஆவி அடித்துச் சுவர் பெயின்ட் உரிகிறது என்று ஒரு பையன் பைப் வாயில் சாக்குத் துணியைச் சுருட்டித் திணித்திருக்கிறான். நான் டீ குடிக்கப் போனபோது சத்தம் வேறு மாதிரி இருந்தது. கொதிக்கிற அண்டா சலசலவென்று பேசும். அது பேசாமல் உறுமிக்கொண்டிருந்தது. மூடியைப் பார்த்தேன், பணியாரம் போல நடுவில் உப்பியிருந்தது. எல்லோரையும் வெளியே விரட்டிவிட்டு, அடுப்பு வாயில் கூடை கூடையாக ஈரச் சாம்பலைத் தட்டித் தீயை மூடினேன். துணியைப் பிடுங்கவில்லை, குழாயைத் திறக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. நாலு மணி நேரம் அதை அப்படியே விட்டுவிட்டோம். அந்த மூடி இரண்டு விரல் உயரம் உப்பினபடியே நின்றது. இப்போதும் நினைத்தால் என் உள்ளங்கை வேர்க்கிறது.

நீங்கள் குழாயைத் திறந்துவிட்டதைத் தப்பு என்று சொல்லமாட்டேன், பதட்டத்தில் செய்தது. ஆனால் இன்னொரு முறை அப்படி நடந்தால் கிட்டேயே போகாதீர்கள். குளிக்கிற அறையிலிருந்து பிள்ளைகளை அனுப்புவதுதான் முதல் வேலை.

சரி, இப்போது இரண்டு விஷயம் அளந்து சொல்லுங்கள். ஒன்று, பாய்லர் அடியிலிருந்து மாடித் தொட்டியின் தண்ணீர் மட்டம் வரை எத்தனை அடி. இரண்டு, தொட்டி நிறைந்திருக்கும்போது வென்ட் வாய் தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது. இறங்குகிற பைப்பில் ஏதாவது வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள்.


பெருந்துறை விடுதி | ஞாயிறு, மதியம் 1:30

ஐயா, கேட் வால்வைத் திறந்துவிட்டேன். திறந்ததும் உள்ளே காற்று இழுக்கிற சத்தம் கேட்டது. கைப்பிடி என்னிடம்தான் இருக்கிறது.

கயிறு விட்டு அளந்தேன். அடியிலிருந்து தண்ணீர் மட்டம் வரை 29 அடி. வென்ட் வாய் மட்டத்துக்கு மேலே 7 இஞ்ச்தான். இறங்குகிற பைப்பில் ஒரு கேட் வால்வும் ஒரு என்.ஆர்.வி.யும் (தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடுகிற வால்வு) இருக்கின்றன. என்.ஆர்.வி. இரண்டு வருஷம் முன்பு வைத்தது. அதே பைப்பிலிருந்துதான் குளிக்கிற அறைப் பச்சைத்தண்ணிக் குழாய்களுக்கும் கிளை போகிறது. பச்சைத்தண்ணிக் குழாயில் வெந்தண்ணி வருகிறது என்று பிள்ளைகள் சொன்னதால் திருப்பி வராமலிருக்க வைத்தார்கள். அதற்கப்புறம்தான் மாடியில் கொட்டுவது அதிகமாயிற்று என்று இப்போதுதான் எனக்கே உறைக்கிறது.


பழைய அட்டென்டன்ட், திருப்பூர் | ஞாயிறு, மாலை 4:15

நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள் அம்மிணி. கொட்டினதற்குக் காரணம் இரண்டு.

தண்ணீர் சூடானால் பெருகும். 500 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 15 லிட்டர் கூடும். அந்தப் பதினைந்து லிட்டரும் எங்கேயாவது போக வேண்டும். வழக்கமாக அது இறங்கின பைப் வழியாகவே மெல்லத் தொட்டிக்குத் திரும்பும், யாருக்கும் தெரியாது. என்.ஆர்.வி. அந்த வழியை அடைத்துவிட்டது. மிச்சம் வென்ட் ஒன்றுதான். ஒரு இஞ்ச் பைப் மீட்டருக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். மட்டத்துக்கு மேலே உங்களுக்கு இருப்பது 7 இஞ்ச். கொட்டாமல் என்ன செய்யும்?

இரண்டாவது, வென்ட் குட்டை. இறங்குகிற பைப்பில் இருப்பது பச்சைத்தண்ணி, கனம் அதிகம். வென்ட்டில் நிற்பது வெந்தண்ணி, கனம் குறைவு. தராசின் இரண்டு தட்டு போல யோசியுங்கள். 29 அடி பச்சைத்தண்ணியைச் சமன்செய்ய வெந்தண்ணி அதைவிட உயரமாக நிற்க வேண்டும். 85 டிகிரியில் கணக்குப் போட்டால் 10 இஞ்ச் கூடுதல் வரும். உங்களுக்கு இருப்பது 7. என்.ஆர்.வி. இல்லாவிட்டாலும் பைப் முழுக்கச் சூடானதும் வழியத்தான் செய்யும்.

இப்படி வழிகிற பைப்பை உயர்த்த வேண்டும். மூடினால் என்ன ஆகும் பாருங்கள். கீழே என்.ஆர்.வி., மேலே கேட் வால்வு. எல்லாக் குழாயும் மூடியிருக்கிற ராத்திரி நேரத்தில் உங்கள் பாய்லர் நாலாபுறமும் அடைத்த டப்பா. பெருகுகிற 15 லிட்டருக்குப் போக்கிடமே இல்லை. கொதி வருவதற்கு முன்னாலேயே அழுத்தம் ஏறிவிடும்.

இதை ஏன் எந்த அதிகாரியும் வந்து பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். 1923 பாய்லர் சட்டத்திலும் சரி, அதற்குப் பதிலாக 2025இல் வந்த சட்டத்திலும் சரி, 25 லிட்டருக்குக் குறைந்தது, ஒரு கிலோவுக்குக் குறைந்த அழுத்தம், 100 டிகிரிக்குக் கீழே தண்ணீர் சூடாக்குவது ஆகியவை கணக்கில் வராது. வாய் திறந்த உங்கள் பாய்லரில் 29 அடித் தண்ணீர் தருகிற அழுத்தம் 0.9 கிலோதான். வென்ட்டை மூடினதும் அந்தக் கணக்கெல்லாம் மாறிவிட்டது. அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். சட்டம் பார்க்காத இடத்தில் நாம்தான் பார்க்க வேண்டும், சுவருக்கு அந்தப்பக்கம் 42 பிள்ளைகள் இருக்கிறார்கள்.


ஈரோடு பிளம்பிங் | ஞாயிறு, இரவு 7:20

அண்ணா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் எங்கள் தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள். வென்ட் சொட்டுகிறது என்றுதான் ஓனர்கள் கூப்பிடுவார்கள். "சொட்டு நிற்கணும், இன்றைக்கே நிற்கணும்" என்பார்கள். பைப்பை மூன்றடி உயர்த்தலாம் என்றால் மாடி அழகு கெடுகிறது, தனி லைன் இழுக்கலாம் என்றால் செலவு. நானும் இரண்டு வீட்டில் சோலார் வென்ட்டில் வால்வு போட்டிருக்கிறேன். நாளைக்குக் காலையில் போய்க் கழற்றிவிடுகிறேன்.

ஒரு விஷயம். வென்ட் திறந்திருந்தால் சேஃப்டி வால்வு எதற்கு? அதையும் கழற்றிவிடலாமே?


காங்கயம் – லீட்ஸ் | ஞாயிறு, இரவு 11:48

எனக்கு ஊர் காங்கயம் பக்கம். இங்கிலாந்தில் லீட்ஸில் வீட்டு ஹீட்டிங் வேலை செய்கிறேன். ஈரோடு அண்ணன் கேட்ட கேள்வியை இங்கேயும் அடிக்கடி கேட்பார்கள், அதனால் எழுதுகிறேன்.

இங்கே பழைய வீடுகளில் அட்டாலிக்கு மேலே கூரைக்கடியில் ஒரு குட்டித் தொட்டி இருக்கும். அதிலிருந்து 15 மில்லிமீட்டர் பைப் இறங்கி பாய்லருக்கும் அறைகளைச் சூடாக்குகிற ரேடியேட்டர்களுக்கும் தண்ணீர் கொடுக்கும். குறைந்தது 22 மில்லிமீட்டர் பைப் ஒன்று வென்ட்டாக ஏறி, அந்தத் தொட்டிக்கு மேலேயே வளைந்து நிற்கும். வென்ட்டில் எந்த வால்வும் இருக்கக் கூடாது என்பது முதல் பாடம். உயரத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. பாய்லரிலிருந்து தண்ணீர் மட்டம் வரை மீட்டருக்கு 40 மில்லிமீட்டர், அதோடு 150 மில்லிமீட்டர் சேர்க்க வேண்டும். அக்காவின் 29 அடிக்கு அது 50 சென்டிமீட்டர், அதாவது 20 இஞ்ச்.

கேஸ், ஆயில் பாய்லர் என்றால் இந்த அமைப்பில் சேஃப்டி வால்வு இல்லாமலே ஆயிரக்கணக்கான வீடுகள் ஓடுகின்றன. வென்ட்டே போதும், சூடு ஏறினால் தெர்மோஸ்டாட் தீயை நிறுத்திவிடும். விறகும் நிலக்கரியும் அப்படியில்லை. உள்ளே போட்ட மட்டை எரிந்து முடியும்வரை சூடு வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் அவற்றுக்கு வென்ட் கட்டாயம், அதோடு மிஞ்சுகிற சூட்டை வாங்கிக்கொள்ள மூடவே முடியாத ஒரு ரேடியேட்டரும் வைப்போம். அதற்கு மேலும் பலர் 3 பார் (ஏறத்தாழ 3 கிலோ) சேஃப்டி வால்வு ஒன்று வைப்பார்கள். காரணம் குளிர். கூரைக்கடியில் தொட்டிப் பைப்பும் வென்ட் பைப்பும் ஒரே ராத்திரியில் உறைந்துபோகலாம். வெளியூர் போய்த் திரும்பியவர் அது தெரியாமல் தீ மூட்டினால், யாரும் வால்வு மூடாமலே டப்பா அடைபட்டுவிடும். சேஃப்டி வால்வு அந்த ஒரு நாளுக்காக நிற்கிறது.

பெருந்துறையில் பைப் உறையாது. ஆனால் நம் பக்கத்து போர் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாதத்தில் வாளி ஓரத்தில் வெள்ளை கட்டிக்கொள்கிற தண்ணீர். இங்கே ஒரே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றும், அதனால் உப்பு அதிகம் படியாது. இங்கே அடைப்பது இரும்புச் சேறு, அதைக் கண்டுபிடிக்கப் பைப்பில் காந்தம் வைத்துப் பார்ப்போம், ஒட்டும். அக்காவின் பாய்லரில் தினமும் புதுத் தண்ணீர் வருகிறது. சூடுபடும்போது கரைந்திருக்கிற சுண்ணாம்பெல்லாம் படியும், பச்சைத்தண்ணி சூட்டைத் தொடுகிற மூட்டில்தான் முதலில் கட்டும். இறங்குகிற பைப்பும் வென்ட்டும் பாய்லரில் சேருகிற இரண்டு இடத்தையும் கழற்றிப் பார்க்காமல் விடாதீர்கள். இங்கே உறைபனி செய்கிற வேலையை நம் ஊரில் சுண்ணாம்பு மெதுவாகச் செய்யும். அதனால் சேஃப்டி வால்வு வேண்டும், ஆனால் இந்தப் பாய்லருக்கு ஏற்றதாக வேண்டும்.

வென்ட் வாயை சின்டெக்ஸுக்குள் விட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2006இல் இங்கே இங்கிலாந்தில் டான்டன் நகரில் ஒரு வீட்டில் தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் கெட்டு, கொதிதண்ணீர் வென்ட் வழியாக மேலே இருந்த பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டிக்கொண்டே இருந்தது. தொட்டி இளகி, கீழே அறையில் தூங்கிய கைக்குழந்தைமேல் கொட்டிவிட்டது. குழந்தை பிழைக்கவில்லை. எனக்கும் ஒரு குழந்தை இருக்கிறது, ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் ஏறும்போது இது ஞாபகம் வரும்.


பழைய அட்டென்டன்ட், திருப்பூர் | திங்கள், காலை 6:30

தம்பி நன்றாகச் சொன்னார். சேஃப்டி வால்வைப் பற்றி என் கையனுபவத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டுத் தம்பியும் குறித்துக்கொள்ளட்டும்.

0.9 கிலோ நிற்கிற பாய்லருக்கு 2 கிலோவில் திறக்கிற வால்வு போதும். ஆனால் அதற்கு முன்னால் பாய்லர் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். முழுக்கப் பச்சைத்தண்ணி நிரப்பி, காற்றை வெளியேற்றிவிட்டு, கைப்பம்பால் 3 கிலோ ஏற்றி அரை மணி நேரம் நிறுத்துங்கள். அழுத்தம் போனால் பச்சைத்தண்ணி ஆவி போல விரியாது, அதனால் வெல்டிங் விட்டாலும் கசியுமே தவிர வெடிக்காது. எங்கே வேர்க்கிறதோ அங்கே வெல்டிங் சரியில்லை. தாங்காவிட்டால் அந்தப் பாய்லரே வேண்டாம்.

வாங்கும்போது எத்தனை கிலோவில் திறக்கும் என்பதோடு, மணிக்கு எவ்வளவு ஆவியை வெளியே விடும் என்றும் கேளுங்கள். மணிக்குப் பத்து கிலோ மட்டை எரித்தால் 40 கிலோ ஆவி வரைக்கும் உண்டாகலாம். வால்வு அதற்கு மேல் விட வேண்டும், இல்லாவிட்டால் திறந்தும் பிரயோசனமில்லை. பாய்லர் உடம்பிலேயே வையுங்கள், நடுவில் எந்த வால்வும் கூடாது. வெளியே போகிற பைப் வால்வு வாயைவிடச் சிறுத்துவிடக் கூடாது. முனையில் மரை இருக்கவே கூடாது. மரை இருந்தால் என்றைக்காவது சொட்டும்போது யாராவது பிளக்கை முறுக்கிவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

ஆறின பாய்லரில் மாதம் ஒரு தடவை சேஃப்டி வால்வின் லீவரைத் தூக்கிவிடுங்கள். தண்ணீர் பீச்சி நிற்க வேண்டும். போர் தண்ணீரில் ஆறு மாதம் தொடாமல் விட்டால் சீட்டும் டிஸ்க்கும் சுண்ணாம்பில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அது வெறும் பிளக்தான்.

தொட்டி வற்றி, பாய்லர் காய்ந்துபோனது தெரிந்தால் உடனே தண்ணீரைத் திறக்காதீர்கள். பழுத்த இரும்பில் பச்சைத்தண்ணி பட்டால் அதுவும் இதே கதைதான். தீயை மூடிவிட்டு ஆறவிடுங்கள்.


பெருந்துறை விடுதி | அடுத்த ஞாயிறு, காலை 9:00

எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன். ஒரு வாரம் பிள்ளைகளுக்குச் சமையல்கட்டில் அண்டா வைத்துத்தான் வெந்தண்ணி கொடுத்தோம், வரிசை போட்டு, ஆளுக்கு ஒரு வாளி. யாரும் முகம் சுளிக்கவில்லை.

எங்கள் பிளம்பரிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். முதலில் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது தடவை அந்த 22 டன் கணக்கை மட்டும் படிக்கச் சொன்னார். அப்புறம் அவரே வந்து எல்லாவற்றையும் கழற்றினார். லீட்ஸ் தம்பி சொன்ன இரண்டு இடத்தையும் அறுத்துப் பார்த்தோம். வென்ட் சேருகிற இடம் ஓரளவு பரவாயில்லை. இறங்குகிற பைப் பாய்லரில் சேருகிற எல்போவைக் கையில் எடுத்தபோது எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஒரு இஞ்ச் பைப்புக்குள் வளையம் வளையமாக மஞ்சளும் வெள்ளையுமாகக் கல் கட்டி, நடுவில் பென்சில் நுழைகிற அளவுதான் ஓட்டை. அதற்குள் ஒரு ஈர்க்குச்சியை விட்டுத் திருப்பினால் மணல் போல உதிர்ந்தது. நாலு வருஷத்தில் இவ்வளவு.

இப்போது மாடியில் பாய்லருக்கென்று தனியாக ஒரு சின்ன ஸ்டீல் தொட்டி, அதற்கு மிதவை வால்வு. அதிலிருந்து பாய்லருக்குத் தனி லைன், என்.ஆர்.வி. இல்லை, வேறு கிளையும் இல்லை. பச்சைத்தண்ணிக் குழாய்களுக்கு பழைய லைன். வென்ட்டை ஒன்றேகால் இஞ்சாக மாற்றி மட்டத்துக்கு மேலே இரண்டேகால் அடி ஏற்றி, ஸ்டீல் தொட்டிக்கு மேலேயே வளைத்துவிட்டோம். 3 கிலோ வைத்துப் பார்த்ததில் புகைக்குழாய் மூடியில் சேருகிற இடத்தில் ஒரு வெல்டிங் முத்து முத்தாக வேர்த்தது. அதை அரைத்தெடுத்து மறுபடி வைத்து, இரண்டாவது தடவை அரை மணி நேரம் முள் அசையவில்லை. 2 கிலோ வால்வு கோவையிலிருந்து வாங்கிவந்தோம், மணிக்கு 90 கிலோ ஆவி விடும் என்று அதோடு வந்த காகிதத்தில் போட்டிருக்கிறது.

நேற்று விடியற்காலை மூன்றரைக்குப் பற்றவைத்துவிட்டு நான் மாடியிலேயே வென்ட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். நாலேகாலுக்குப் பைப் கைவைக்க முடியாத சூடு. வாயிலிருந்து லேசாக ஆவி வந்தது, தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. கீழே சலசலவென்று சத்தம் கேட்டது. ஐயா சொன்ன சத்தம் அதுதான் போலிருக்கிறது.

வென்ட் பைப்பில் "இதில் வால்வு வைக்கக் கூடாது" என்று சிவப்புப் பெயின்டில் எழுதச் சொன்னேன். எங்கள் பிளம்பரே தூரிகையை வாங்கி எழுதினார். படம் போட்டிருக்கிறேன், பார்த்துவிட்டு ஏதாவது தப்பு இருந்தால் சொல்லுங்கள்.


பழைய அட்டென்டன்ட், திருப்பூர் | ஞாயிறு, காலை 9:40

கண்ணு நிறைந்துவிட்டது அம்மிணி. பிளம்பர் தம்பிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இரண்டாவது படத்தில் ஒன்று பார்த்தேன். சேஃப்டி வால்விலிருந்து வருகிற பைப் அடுப்பு வாய்ப்பக்கம் பார்த்து முடிகிறது. மட்டை தள்ள உட்காருகிறவர் முழங்காலுக்கு நேராக இருக்கிறது. எல்போவைச் சுவர்ப்பக்கம் திருப்பி, தரைக்கு ஒரு சாண் மேலே இறக்கிவிடுங்கள். அடியில் வைத்திருக்கிற வாளியையும் எடுத்துவிடுங்கள்.


பெருந்துறை விடுதி | ஞாயிறு, காலை 11:15

திருப்பியாயிற்றுங்க ஐயா. வாளியையும் எடுத்தாயிற்று.